செங்கல் தாங்காத வீடு

நான் வேலை பார்க்கும் கம்பெனி வீடு கட்டி விற்கிறது. அந்த வீடுகளுக்கு முகம் வரைவது என் வேலை. உள்ளே எல்லாம் ஒரே வீடுதான்: அதே நான்கு பெட்ரூம், அதே கிச்சன், அதே கராஜ். வாங்க வருகிறவர்களுக்கு எலிவேஷன் ஏ, பி, சி என்று வரைந்து காட்டுவோம். ஏ என்பது ட்யூடர். கூர்மையான கூரை, அதன் கீழே குறுக்கும் நெடுக்கும் கறுப்புப் பலகைகள். பி மெடிட்டரேனியன், வளைவுகளும் செம்மண் நிற ஓடும். சி பண்ணை வீடு. வெள்ளைப் பெயின்ட், கறுப்பு ஜன்னல். ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டிக் கற்றுக்கொண்ட பாணிகளை நாங்கள் தட்டில் வைத்துப் பலகாரம் போல நீட்டுகிறோம். கிரேக்கக் கோயிலின் தூண் கூரையைச் சுமந்தது. எங்கள் தூண் தெர்மோகோல். மேலே சிமெண்ட் பூச்சு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்தபோது கட்டடக்கலை வரலாறு எனக்கு மிகவும் பிடித்த பாடம். இதற்குத்தானா படித்தோம் என்று ஃப்ரீவேயில் போகும்போது தினமும் எரிச்சல் வரும். எரிச்சலோடு ஆபீசுக்குப் போய் இன்னொரு ட்யூடர் வரைவேன்.

அமெரிக்காவில், டல்லாஸ் பக்கத்து ஆலனில் இருக்கும் எங்கள் சொந்த வீடும் அந்தச் சாதிதான். முன்பு ஒரு குடும்பம் இருந்து விற்ற வீடு. சுற்றிலும் செங்கல், வாசலில் செங்கல் வளைவு. பார்க்கிறவர்கள் கோட்டை என்று நினைப்பார்கள். என் மாமனார் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

மாமா பாளையங்கோட்டைக்காரர். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு கட்டினார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். மாமா கல்யாணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார். லீவு போட்டுவிட்டுக் கொத்தனார் பக்கத்திலேயே நின்று கட்டிய வீடு அது. செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டது, மணல் சலித்தது, கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது, சாந்து நிரம்பாத இணைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து அந்த வரிசையையே பிரிக்கச் சொன்னது எல்லாம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நம் ஊரில் ஒரு வீடு கட்டிய ஒவ்வொரு ஆணும் ஆயுளுக்கும் இன்ஜினியர்தான். நானும் என் கணவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அத்தையும் மாமாவும் ஒரு மே மாதம் ஆறு மாத விசாவில் வந்தார்கள். வந்த அன்றைக்கே மாமா ஹால் சுவரை விரலால் தட்டினார்.

"என்னம்மா, டொக்கு டொக்குன்னு கேக்கு? உள்ள ஒண்ணும் இல்லியா?"

"அது வெறும் போர்டு மாமா. டிரைவால்னு சொல்வாங்க."

"போர்டா?" என்று கேட்டுவிட்டு, என் கணவர் காதில் விழாத தூரத்தில் போய் இன்னொரு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனை முடிந்ததும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு புதிதாக வீடு கட்டும் இடங்களுக்குப் போவேன். அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஆரம்பித்தது. உண்மையில் எனக்குத்தான் பிடித்திருந்தது. வகுப்பில் படித்ததையெல்லாம் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். கூர் வளைவு ஜன்னலைப் பார்த்தால், "எங்க கோயில் மாதிரில்லா இருக்கு," என்பார். அவர்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். மிஷனரிகள் கட்டிய அந்தக் கோயிலில் அவர் ஐம்பது வருஷம் பாடகர் குழுவில் பாடியவர். ஐரோப்பாவில் அந்தக் கூர் வளைவு ஏன் வந்தது, பாரத்தை அது எப்படித் தூண்களுக்கு இறக்கிவிட்டது, சுவருக்கு வேலை குறைந்ததால் கண்ணாடி எப்படி இவ்வளவு பெரிதானது என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்பார். ட்யூடர் வீட்டில்தான் சிக்கல் வந்தது.

"இந்தக் கறுப்புப் பலக என்னத்துக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல மாமா, சும்மா ஒட்டினது. இங்கிலாந்துல பழைய வீடுங்கள்ல மரச்சட்டம்தான் மொத்த வீட்டையும் தாங்கும். நடுவுல களிமண் வெச்சு அடைச்சிருப்பாங்க. இது வெறும் லுக்குக்கு."

"அப்போ செங்கல்லு தாங்குது."

"செங்கல்லும் தாங்கல மாமா. அது வெளிய போட்ட சட்டை மாதிரி. உள்ள மரக் குச்சிங்க இருக்கு, அதுதான் தாங்குது."

"குச்சியா?"

அந்தக் குச்சிகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பெரிய உத்திரங்களை அறுத்து, வெட்டு வைத்துப் பொருத்த நிறைய தச்சர்கள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் காடு இருந்தது. அவ்வளவு தச்சர்கள் இல்லை. அறுப்பு மில்லில் இருந்து மெல்லிய சட்டங்களும், தொழிற்சாலையில் இருந்து ஆணிகளும் மலிவாக வந்தபோது, சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களே வீடு எழுப்பிவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். நேர்மையான கண்டுபிடிப்பு அது. மேலே போர்த்திய செங்கல்தான் பொய். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் செங்கல் பாரம் தாங்காமல் சும்மா நிற்கும் என்பதை அவர் மனசு ஏற்கவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "நம்ம பிள்ளை குச்சிக்குள்ள குடியிருக்கான்," என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் குரலில் கேலி இல்லை. பயந்துபோயிருந்தார்.

ஜூன் வந்ததும் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்தப் பக்கத்து மண் களிமண். கோடையில் காய்ந்து சுருங்கி, சுவரை விட்டு விலகும்; மேலே இருக்கும் கான்கிரீட் தளம் விரிசல் விடும். அதனால் வீட்டைச் சுற்றி மண்ணுக்குத் தண்ணீர் விடுவது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். என் கணவர் ஹோஸை மாமா கையில் கொடுத்தார். "குடிக்கத் தண்ணிக்கு லாரிக்குக் காத்துக் கெடந்தவன், இங்க வந்து வீட்டுக்குத் தண்ணி ஊத்துதேன்," என்று மாமா சொல்லிச் சிரித்தார். ஆனால் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றினார். அந்தக் கோடையில் மாமா ஹோஸும் கையுமாக எங்கள் மகள் பாப்பாவின் ரூம் பக்கத்துச் சுவர் ஓரம் நிற்பதை நாங்கள் ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தோம். வாசலில் தபால் பெட்டியைத் தாங்கும் செங்கல் தூணில் இரண்டு கல் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்ய ஒரு மூட்டை சிமெண்ட் கலவை கேட்டார். என் கணவர் வாங்கி வந்தார். தூண் அசையாமல் நின்றது. "அப்பா கை பட்டா நிக்கும்," என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

அக்டோபரில் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் மாமா இறந்துபோனார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரம் இருந்தார்.

என் கணவரால் போக முடியவில்லை. ரிச்சர்ட்சனில் அவர் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனியில் லேஆஃப். வேலை போனால் விசாவும் போகும்; அடுத்த வேலை தேட எங்களுக்கு இருந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடக்க ஆராதனையை லேப்டாப்பில் பார்த்தோம். எங்களுக்கு அது விடியற்காலை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். என் கணவர் லேப்டாப்பை மூடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிடி மண் போட முடியாத மகன் என்று அவர் தன்னை அடிக்கடி சொல்லிக்கொள்வார்.  

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போயிருக்கும். பாப்பாவுக்கு இருமல் வந்தது. முதலில் அலர்ஜி சீசன் என்று நினைத்தோம். டல்லாஸில் எல்லோரும்தான் தும்முகிறார்கள். சீசன் முடிந்தும் இருமல் நிற்கவில்லை. ராத்திரியில் மூச்சு வாங்கும்போது விசில் சத்தம் கேட்டது. இன்ஹேலர் கொடுத்த டாக்டர், அவள் படுக்கும் அறையில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"மம்மி, மை ரூம் ஸ்மெல்ஸ் லைக் மஷ்ரூம்ஸ்," என்று பாப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நாங்கள்தான் அழுக்குத் துணியைக் கூடையில் போடு என்று அவளைத் திட்டியிருந்தோம்.

அவள் கட்டிலை நகர்த்திவிட்டுக் கத்தி எடுத்துச் சுவர் போர்டை நானே வெட்டினேன். உள்ளே வெயிலும் குளிரும் தடுக்க அடைத்திருக்கும் பஞ்சு நனைந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பலகை கறுத்துப்போய், டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. மரச்சட்டங்களின் அடிப்பக்கம் பூஞ்சை. வெளியே போய், சுவரோரம் அடர்ந்திருந்த செடிகளை வெட்டித் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

செங்கல் மழைநீரை முழுவதும் தடுக்காது. கொஞ்சம் உள்ளே விடும். அதனால்தான் செங்கல் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். உள்ளே போன தண்ணீர் அந்த இடைவெளியில் வழிந்து இறங்கி வெளியேற வேண்டும். அதற்காகவே அடி வரிசையில் சில கற்களுக்கு ஒரு முறை, இரண்டு கல்லுக்கு நடுவில் சாந்து வைக்காமல் ஓட்டை விடுவார்கள். காற்றும் அது வழியாகத்தான் போய்வரும். பாப்பா ரூம் சுவரில் அந்த ஓட்டைகள் எல்லாம் சிமெண்டால் அடைக்கப்பட்டிருந்தன. மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருந்தன.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. இதற்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் கணவரும் ஏசினார்.

சனிக்கிழமை காலையில் அத்தையோடு வீடியோ கால் வழக்கம். பாப்பா எங்கள் ரூமில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அத்தை ஏன் என்று கேட்டார். என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் போகிற ஓட்டை, உளுத்த மரம், பாப்பாவின் இருமல், எல்லாவற்றையும்.

"எந்த மடப்பய பாத்த வேலையோ தெரியலம்மா. சிமெண்ட வச்சு அடைச்சிருக்கான். கையில கெடச்சா அறைஞ்சிருவேன்."

திரையில் அத்தையின் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்து நான் ஃபோனை ஆட்டிப் பார்த்தேன்.

"ஒங்க அப்பாதாம்ல அடைச்சாவ," என்றார் அத்தை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த ஓட்டை ஒன்றுக்குள் தேள் நுழைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பிள்ளை படுக்கிற ரூம். உள்ளே வெறும் குச்சியும் அட்டையும். கொத்தனார் இவ்வளவு இடத்தில் சாந்து வைக்காமல் ஏமாற்றியிருக்கிறானே என்று அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தபால் பெட்டிக்கு வாங்கியதில் மீந்த சிமெண்டை எடுத்து, நாங்கள் ஆபீஸ் போயிருந்த பகலில், அந்த வெயிலில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மண்ணுக்கு ஊற்றுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா," என்றார் என் கணவர்.

"சொன்னா, ஏம்ப்பா வேகாத வெயில்ல கெடந்து சாவுதியன்னு நீ ஏசுவியாம். அதான் சொல்ல வேண்டாம்னுட்டாவ. மிச்ச செவர அடுத்த தடவ வரும்போது பாத்துக்கிடலாம்னாவ."

என் கணவர் எழுந்து போய்விட்டார். அப்பாவை மடப்பயல் என்று அம்மாவிடமே சொல்லியாயிற்று. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அன்று மத்தியானம் நான் அவரைத் தேற்றப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வழியில்தான் பார்க்க முடிந்தது. கிரேக்கர்கள் முதலில் மரத்தில் கோயில் கட்டினார்கள், பிறகு கல்லுக்குப் போனார்கள் என்று சொன்னேன். கல்லுக்குப் போன பிறகும் மரத்தை இணைத்த முளைகளைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். தேவையே இல்லை; ஆனால் அது இல்லாவிட்டால் கட்டடம் சரியில்லை என்று அவர்கள் கண்ணுக்குத் தோன்றியது. தெரிந்த வீட்டின் நியாயத்தைத் தெரியாத வீட்டுக்குக் கொண்டு போகாத மனுஷன் யார்? மாமா கட்டிய மாதிரி வீட்டில், சாந்து இல்லாத இணைப்பு தப்புதான். அவர் அதைத்தான் பார்த்தார்.

"கிளாஸ் எடுக்காத," என்றார் அவர். "என் பொண்ணு மூச்சு விடக் கஷ்டப்படுறா. அதுக்கு எங்கப்பா காரணம். அவரத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."



ரிப்பேருக்கு ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன் அந்த அடைப்புகளைத் தானே எடுத்துவிட வேண்டும் என்றார் என் கணவர். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. டிரில்லும் சிற்றுளியும் எடுத்துக்கொண்டு, மாமா மண்டியிட்ட அதே இடத்தில் மண்டியிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூசி தள்ளினேன். சுலபமாக வரும் என்று நினைத்தோம். வரவில்லை. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. அரைகுறையாக அடைத்திருந்தால் கொஞ்சமாவது தண்ணீர் கசிந்து வெளியே வந்திருக்கும். மரம் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும். மாமா ஓரத்தில் ஒரு ஊசி முனை விடாமல் உள்ளே வரை நிரப்பி, வெளிப்பக்கம் வழவழவென்று தேய்த்து விட்டிருந்தார். கட்டட வேலையில் குறை கண்டுபிடித்தே பிழைப்பவள் நான். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு துண்டு முழுசாக வந்தது. அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்து வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மற்றத் துண்டுகளோடு வாளியில் போட்டார்.

சுவரைப் பிரித்து, உளுத்ததை மாற்றி, புதுப் பலகை அடித்துப் பெயின்ட் பூசி முடிக்கப் பல வாரங்கள் ஆயின. அத்தனை வாரமும் அத்தை சனிக்கிழமை பேசினார். பாப்பாவின் இருமலைப் பற்றிக் கேட்டார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. பாப்பா தன் ரூமுக்குத் திரும்பிய வாரம், அத்தை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஃபோன் என் பக்கம் திரும்பியிருந்ததால் அத்தைக்கு அவர் தெரியவில்லை.

"மாமா அடைச்சத எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அத்தை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

 அத்தை சொன்னார்:

"ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாளு அவியளுக்குப் பேச்சு சரியா வரல. வந்த நேரமெல்லாம் இதத்தான் சொன்னாவ. பிள்ளை வீட்டுல நான் போய் அடைச்சுட்டு வந்துட்டேன், இனி பேத்திக்கு ஒண்ணும் பயமில்லன்னு. நானும் ஆமா ஆமான்னேன். நீ படிச்சவ. எங்கிட்ட மறைக்காமச் சொல்லு. அவிய செஞ்சது தப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். முன்பு இருந்த ஆள் கட்டியது சரியில்லை என்று சொல்லலாம். நூறு வழி இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. கேட்பதற்கு முன்பே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

"உங்க வீட்டுக்கு அது சரி அத்தை. இந்த வீட்டுக்குத் தப்பு."

அத்தை தலையை ஆட்டினார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"நல்லவேளம்மா," என்றார். "இதக் கேக்க அவிய இல்ல."

என் கணவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தம் அத்தைக்குப் போய்விடக் கூடாது என்று நான் ஃபோனோடு எழுந்து கிச்சனுக்கு வந்தேன். அங்கே மழை உண்டா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒன்று மாற்றி ஒன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றேன்.